கிறிஸ்துமஸ் பலகாரமும் கேக்கும்

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல், அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் தின்பண்டங்கள் இரண்டு வழியில் வந்தவை. முந்திரிக்கொத்து, அதிரசம், முறுக்கு, சீடை ஆகியவை தாமிரபரணிக் கரையில் எல்லாச் சமயத்தாரும் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் சுடுகிற பலகாரங்கள். முட்டையும் மைதாவும் சேரும் கல்கல், கேக் போன்றவை ஐரோப்பியத் தொடர்பால் வந்து சேர்ந்தவை. கல்கல் கோவா, மங்களூர்க் கத்தோலிக்க வீடுகளிலும் கிறிஸ்துமஸ் பண்டம்தான். இந்த வட்டாரத்துச் சபைகளும் பழையவை: பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற கிறிஸ்தவப் பெண்மணி கட்டிய சிற்றாலயம் 1785ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மிஷனரி ரேனியஸ் அங்கே வந்து பணியைத் தொடங்கியது 1820இல். அதன்பின் உருவான சபைகளில் பண்டிகையின் நாள் மாறியதே தவிர, அடுப்படி மாறவில்லை. தீபாவளிக்குச் சுட்ட கைகளே கிறிஸ்துமஸுக்கும் சுட்டன.

கேக் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது இவற்றுக்கெல்லாம் பிந்தி. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்னும் பேக்கரிக்காரரால் செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். மர்டாக் பிரவுன் என்ற தோட்டத்துரை கொண்டுவந்த மாதிரியைப் பார்த்து அவர் செய்தாராம். அடுப்புப் பெட்டி இல்லாத வீடுகளில் பாத்திரத்தின் அடியில் தணலும் மூடியின்மேல் சிரட்டைக் கரியும் வைத்துக் கேக் வேகவைக்கும் முறை இருந்தது. பிறகு பிரஷர் குக்கர் வந்தது, அதன்பின் மின்சார அவன் வந்தது. ஆகவே இந்த அத்தியாயத்தில் எண்ணெய்ச் சட்டியும் கேக் தகரமும் சம இடம் பெறுகின்றன. கேக்கை மட்டும் சொன்னால் நெல்லை வீட்டுக் கிறிஸ்துமஸில் பாதியைத்தான் சொன்னதாகும்.

மழையை முதலில் கணக்கில் எடுப்பது

இந்த ஊர்ப் பலகாரத்துக்கு முதல் எதிரி ஈரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசானப் பயிர் பச்சையாக நிற்கிற அந்த மாதங்களில் அரிசி காயாது, கருப்பட்டி கசியும், முறுக்கு ஒரே இரவில் நமத்துப்போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. பண்டிகைக்கு ஒரு வாரமே இருந்த நேரம் அது. கடைசி வாரத்தில் மாவு திரிக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

அரிசி நனைப்பது, உலர்த்துவது, மில்லில் திரிப்பது ஆகிய மூன்றும் டிசம்பர் முதல் வாரத்தில், வெயில் தலைகாட்டும் நாளில் முடிந்துவிட வேண்டும். முறுக்கு மாவுக்கு இது முழுதும் பொருந்தும். அதிரச மாவு மட்டும் விதிவிலக்கு: அதற்கு ஈரப்பதம் வேண்டும், ஆகவே திரித்த அன்றே பாகில் சேர்க்க வேண்டும். மிளகாயோ மல்லியோ திரித்த கையோடு மில்லில் அரிசியைக் கொடுத்தால் அதிரசத்தில் காரம் ஏறும். முந்தின ஆள் என்ன திரித்தார் என்று கேட்டுவிட்டுக் கொட்டுவது நல்லது. சமையல் எரிவாயு உருளை இரண்டாவதாக ஒன்று நிரம்பி இருக்க வேண்டும். முற்றத்தில் செங்கல் வைத்து விறகடுப்பு மூட்ட இடமிருந்தால் பெரிய எண்ணெய்ச் சட்டியை அங்கே கொண்டுபோகலாம். வீட்டுக்குள் புகையும் எண்ணெய் வாடையும் தேங்காது.

எது முன்னே, எது பின்னே

பல வீடுகளில் எரிச்சலுக்குக் காரணம் பலகாரம் அல்ல, வரிசை. எல்லாவற்றையும் 23, 24 தேதிகளில் திணித்துக்கொண்டால் வீட்டில் ஒருவருக்கும் பண்டிகை இல்லை. எது எத்தனை நாள் கெடாமல் இருக்குமோ அந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே அடிப்படை விதி.

ரம்மில் ஊறும் பழங்கள் ஒரு மாதத்துக்கு முன்பே ஊறத் தொடங்கலாம். இங்கிலாந்துத் திருச்சபை மரபில் அட்வெந்து என்னும் கிறிஸ்துமஸ் ஆயத்தக் காலத்துக்கு முந்திய ஞாயிறன்று வீட்டார் எல்லாரும் ஆளுக்கு ஒரு முறை கிண்டிப் புட்டிங் கலவையைத் தயாரிப்பார்கள். அதே ஞாயிற்றைப் பழம் ஊறவைக்கும் நாளாகக் குறித்துக்கொண்டால் மறதி வராது. கல்கல்லும் முறுக்கும் 10ஆம் தேதியை ஒட்டிச் சுடலாம். கேக் 15இலிருந்து 18க்குள் முடியலாம். பழக் கேக் நான்கைந்து நாள் இருந்தால்தான் துண்டு போடும்போது உதிராது, மணமும் கூடும். அதிரச மாவு 18 அல்லது 19ஆம் தேதி பிடித்துவைத்து 20இல் சுடலாம். முந்திரிக்கொத்து 21, அச்சு முறுக்கு 22 என்று வைத்துக்கொண்டால் 23ஆம் தேதி தட்டுகள் கட்டுவதற்கு மிஞ்சும். 24ஆம் தேதி அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவே கூடாது. அன்று வீடு கழுவ வேண்டும், துணி தேய்க்க வேண்டும், வெளியூரிலிருந்து வருகிறவர்களை ரயிலடியில் கூப்பிட வேண்டும், மறுநாள் கறிச் சமையலுக்கு மசாலா அரைக்க வேண்டும், விடியற்கால ஆராதனைக்கு எழுந்திருக்க வேண்டும்.

கேரல் குழு வருகிற இரவு எது என்று சபைச் சேகரத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் திட்டத்தில் சேரும். நள்ளிரவில் வருகிற இருபது முப்பது பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு டின் முறுக்காவது அதற்குள் தயாராக இருக்க வேண்டும்.

அதிரசம்

இந்த வட்டாரத்தில் ஒரு பெண்ணின் கைப்பக்குவத்தை அளக்க அதிரசத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மருமகள் சுட்ட அதிரசம் பிரிந்துபோனால் அது ஐந்து வருஷம் பேசப்படும். இந்தப் பேச்சு அநியாயமானது. அதிரசம் பிரிவது பாகுப் பதத்தாலும் மாவின் ஈரத்தாலும்தான், இரண்டும் யாரும் கற்றுக்கொள்ளக்கூடியவை.

ஒரு கிலோ மாவுப் பச்சரிசிக்கு 700 முதல் 750 கிராம் வெல்லம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். கையில் அள்ளினால் ஒட்டக்கூடாது, ஆனால் குளிர்ச்சி தெரிய வேண்டும். அப்போது எடுத்துத் திரித்துச் சலிக்க வேண்டும். மாவைப் பிடித்தால் பிடியாக நிற்கும், விரலால் தட்டினால் உதிரும்.

வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மண் வடிகட்டி மறுபடி காய்ச்ச வேண்டும். நுரை பெரிதாகப் பொங்கி, பிறகு சின்னச் சின்னக் குமிழாகக் கெட்டிப்படும். அந்த நேரத்தில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சொட்டு தண்ணீரில் கரைந்து பழுப்பாகப் படர்ந்தால் இன்னும் ஆகவில்லை. அடியில் தங்கி, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வந்தால் அதுதான் பதம். உருண்டை தட்டில் போட்டதும் ‘டக்’கென்று ஓசை கொடுத்தால் பதம் கடந்துவிட்டது. இந்த மூன்று நிலைகளுக்கும் இடையே இருப்பது ஒன்றிரண்டு நிமிடம்தான். பாகு காயும்போது வேறு வேலைக்குப் போகக்கூடாது, போன் எடுக்கக்கூடாது. பதம் வந்ததும் இறக்கி, ஏலமும் சுக்கும் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிண்டி, இட்லி மாவைவிடக் கெட்டியாக, தளர்ந்த பிடியாக வரும்போது நிறுத்திவிட வேண்டும். ஆற ஆற இறுகும். மேலே நெய் தடவி மூடி ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும்.

எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்தால் பாகு இளம்பதம். மாவில் ஒரு பிடி அரிசி மாவைச் சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டு ஒன்றே ஒன்றைச் சுட்டுப் பார்க்கலாம். கல்லாக இருந்தால் பாகு முற்றியது. வெதுவெதுப்பான பாலை ஒரு கரண்டி தெளித்துப் பிசைந்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். எண்ணெய் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடிக்க வேண்டும். அழுத்தாத அதிரசம் இரண்டே நாளில் காறல் வாடை அடிக்கும்.

முந்திரிக்கொத்து

பெயரைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் முந்திரிப்பருப்பு வாங்கிவிடுவார்கள். இதில் அது கிடையாது. சிறுபயறு அரை கிலோவை மணம் வரும்வரை வறுத்து, தோலைப் புடைத்து, ரவைபோலத் திரிக்க வேண்டும். கருப்பட்டியோ மண்டைவெல்லமோ 350 முதல் 400 கிராம், அரை மூடித் தேங்காய்த் துருவல், இரண்டு கரண்டி எள், ஏலம், சுக்கு. தேங்காயைப் பொன்னிறத்துக்கு மேலே, ஈரம் முழுக்கப் போகும்வரை வறுக்க வேண்டும். பண்டம் இரண்டு வாரம் இருப்பதும் நான்கு நாளில் ஊசிப்போவதும் இந்த ஒரு வேலையைப் பொறுத்தது. கெட்டிப் பாகில் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நெல்லிக்காய் அளவு உருண்டை பிடிக்க வேண்டும். ஆறினால் பிடிபடாது. ஆகவே இது தனி ஆள் வேலை இல்லை, நாலு கை வேண்டும்.

உருண்டைகளை ஓர் இரவு ஆறவிட்டு, மறுநாள் உப்பும் மஞ்சளும் சேர்த்த பச்சரிசி மாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாகச் சேர்த்துக் கொத்தாக எண்ணெயில் விட வேண்டும். கரைசல் தோசை மாவுப் பதத்தில் இருக்கட்டும். தண்ணீராக இருந்தால் மேல்தோல் வெடித்து, உள்ளிருக்கும் பயறு எண்ணெயில் சிதறிக் கருகும். பிறகு அந்தச் சட்டியில் சுடுகிற ஒவ்வொன்றும் கரும்புள்ளியோடு வரும். வெடிப்பு தொடர்ந்தால் நிறுத்தி, எண்ணெயை வடிகட்டி, கரைசலில் மாவு கூட்டித் தொடர்வதே நல்லது.

கல்கல், அச்சு முறுக்கு

கல்கல் பிள்ளைகளின் வேலை. மைதா அரை கிலோ, பொடித்த சீனி 150 கிராம், முட்டை ஒன்று, நெய் இரண்டு கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு; பிசைய முதல் தேங்காய்ப்பால். சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு கிள்ளி, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்ட வேண்டும். அரை கிலோ மாவு நூற்றுக்கணக்கில் வரும். இதைத் தனியாகச் செய்தால் முதுகு ஒடியும். பாட்டி, அத்தை, பேரப்பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் பாய் விரித்து உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். சுருட்டி முடித்தவற்றை ஈரத்துணியால் மூடிவைக்க வேண்டும், உலர்ந்தால் எண்ணெயில் விரியும். சின்னப் பிள்ளைகள் சுருட்டுவதோடு சரி, எண்ணெய்ச் சட்டிப் பக்கம் அண்டவிடக் கூடாது.

அச்சு முறுக்கில் பொறுமையைச் சோதிப்பது அச்சுதான். புது அச்சை அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, எண்ணெயில் ஓரிரவு வைத்துப் பழக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அச்சைக் காயும் எண்ணெயில் சூடாக்கி, மாவில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் முக்க வேண்டும். அச்சு மூழ்கிவிட்டால் மாவு மேலே மூடிக்கொண்டு கழலாது. முக்கியதும் ‘சொய்ங்’ என்று ஒட்ட வேண்டும். ஒட்டாமல் வழிந்தால் சூடு போதாது. மாவுக் கிண்ணத்திலேயே வெந்து விழுந்தால் சூடு அதிகம். முதல் நாலைந்து வீணாவது எல்லா வீட்டிலும் நடப்பது.

சீடை சுடுவோர் மாவை இரண்டு முறை சலித்து, உருண்டைகளை ஊசியால் குத்தி, சட்டியை விட்டு எட்டி நிற்க வேண்டும். சீடை வெடித்து முகத்தில் எண்ணெய் தெறிப்பது உண்மையான ஆபத்து. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துச் சட்டியைத் தட்டால் மூடிவிட வேண்டும்.

பழக் கேக்

எட்டு அங்குல வட்டத் தகரம் ஒன்றுக்கு மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 250, பொடித்த சீனி 200, முட்டை ஐந்து, ஊறிய பழமும் பருப்பும் 400, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, பட்டை, கிராம்பு, சாதிக்காய்ப் பொடி எல்லாம் சேர்த்து அரைத் தேக்கரண்டி. நிறத்துக்கும் சுவைக்கும் தனியே 100 கிராம் சீனியைக் கருக்கிப் பாகாக்க வேண்டும்.

பழத்தை ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைக்கும் வீடுகள் உண்டு. மதுவே வீட்டுக்குள் வரக்கூடாது என்று உறுதியாக இருக்கும் வீடுகள் இந்த வட்டாரத்துச் சபைகளில் ஏராளம். அவர்கள் ஆரஞ்சுச் சாற்றையோ திராட்சைச் சாற்றையோ பயன்படுத்தலாம். பழத்தைச் சாற்றோடு பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் கேக்கில் சேர்த்துவிட வேண்டும். ரம் மாதக்கணக்கில் காக்கும், சாறு காக்காது. பலர் இதை மறந்து நவம்பரிலேயே சாற்றில் போட்டுப் புளிக்கவிட்டுக் கொட்டியிருக்கிறார்கள்.

சீனி கருக்குவதில் கவனம் வேண்டும். கனமான பாத்திரத்தில் சீனி உருகிப் பொன்னிறமாகி, பிறகு கருஞ்சிவப்பாகும். புகை கிளம்பத் தொடங்கியதும் அடுப்பை அணைத்து, 100 மி.லி. வெந்நீரைத் தூரத்திலிருந்து ஓரமாக விட வேண்டும். குளிர்ந்த தண்ணீர் விட்டால் கொதித்துச் சீறிக் கையைச் சுடும். கறுப்பாகிவிட்ட பாகு கசக்கும். அதைக் கேக்கில் சேர்க்காமல் கொட்டிவிட்டு மறுபடி செய்யலாம், போவது 100 கிராம் சீனிதான்.

வெண்ணெயையும் முட்டையையும் இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவைக்க வேண்டும். குளிர்ந்த முட்டை பட்டால் வெண்ணெய் திரிந்ததுபோலப் பிரியும். அப்படி ஆனால் ஒரு கரண்டி மைதா சேர்த்தால் கூடிவிடும். வெண்ணெயும் சீனியும் வெளுத்துப் பொங்கும்வரை நன்றாக அடிக்கலாம். மைதா சேர்த்த பிறகு அடிக்கக் கூடாது, ஒரே பக்கமாகக் கலந்தால் போதும். மைதாவை அடித்தால் கேக் ரப்பராகும். பழத்தை வடித்து, மைதாவில் புரட்டிக் கடைசியில் சேர்க்க வேண்டும். கலவை தளர்ந்திருந்தால் என்ன புரட்டினாலும் பழம் அடியில் இறங்கும்.

அவனில் 160 டிகிரி, ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி நேரம். முதல் 45 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. குக்கரில் செய்வோர் மேலே சொன்ன அளவில் பாதியை எடுத்துக்கொண்டு, பழைய குக்கரின் அடியில் இரண்டு தம்ளர் உப்போ மணலோ பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் பத்து நிமிடம் சூடேற்றி, தகரத்தை இறக்கிச் சிறுதீயில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது. வெந்ததா என்று பார்க்கத் தென்னை ஈர்க்கு போதும். நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று எந்தத் தேதி அறிவிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு அவனில் கைவைப்பது நல்லது. நடுவில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விட வேண்டும். உள்ளிருக்கும் சூடு பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும்.

யார் செய்வது

முன்பு தெருவிலுள்ள சொந்தக்காரப் பெண்கள் இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று முறைவைத்துச் சுட்டார்கள். இன்று பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். அறுபது வயது தாண்டிய தாய் ஒருத்தி ஐந்து வீட்டுக்கான பலகாரத்தைத் தனியாகச் சுட்டுவிட்டு, பண்டிகையன்று காலை இடுப்பு வலியோடு ஆராதனையில் உட்காருகிறாள். பலகாரத்தின் இன்பமே கூடிச் செய்வதில்தான். ஒருத்தியின் முதுகில் ஏற்றிய பண்டிகை அந்த வீட்டுக்குப் பெருமை ஆகாது. ஆண்கள் தேங்காய் துருவலாம், மாவு பிசையலாம், முறுக்குப் பிழியலாம். அச்சு முறுக்குக்கு அடுப்படியில் நிற்கவும் செய்யலாம்.

ஆள் இல்லாத வீட்டில் முறுக்கையும் கேக்கையும் விலைக்கு வாங்குவதில் குறைவில்லை. வீட்டில் செய்து விற்கும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கே உரியது என்று சொல்லும் பண்டம் ஒன்றை மட்டுமாவது விடாமல் கையால் செய்ய வேண்டும். அதன் அளவை எழுதிவைப்பதும் இந்தத் தலைமுறையின் வேலை. ‘ரெண்டு உழக்கு, கண்ணளவு வெல்லம்’ என்று பாட்டி சொல்வதை அப்படியே எழுதினால் பயனில்லை, வீட்டுக்கு வீடு உழக்கு மாறும். அவர் அள்ளுவதற்கு முன்னும் பின்னும் மாவு டப்பாவைத் தராசில் வைத்தால் வித்தியாசம் கிராமில் கிடைக்கும். அவரை நிறுத்தாமல், கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாமல் ஒரே பண்டிகையில் எழுதிவிடலாம்.

தட்டும் பொட்டலமும்

தீபாவளிக்குப் பலகாரம் வந்த வீடுகளுக்கும் ரம்ஜானுக்குச் சாப்பாடு வந்த வீடுகளுக்கும் கிறிஸ்துமஸ் தட்டு போக வேண்டும் என்பது இங்குள்ள முறை. சைவப் பிள்ளைமார் வீட்டுக்கும் அக்ரஹாரத்துக்கும் போகிற தட்டில் கேக், கல்கல், முட்டை சேர்த்த அச்சு முறுக்கு வைக்கக் கூடாது. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து மட்டும் வைத்து, அவற்றையும் முட்டை படாத எண்ணெயில் சுட்டிருக்க வேண்டும். பத்தமடை, மேலப்பாளையம் பக்கத்து முஸ்லிம் நண்பர்களுக்கு மது சேர்ந்த கேக் போகக் கூடாது. இரண்டு வகைக் கேக் செய்தால் தகரத்திலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். அவசரத்தில் மாறிப்போவது நட்பைக் காயப்படுத்தும். சீனி வியாதி உள்ள பெரியவர்களுக்கென்று முறுக்கைத் தனியே எடுத்துவைக்கலாம்.

பலகாரம் முழுக்க ஆறிய பிறகே டின்னில் அடைக்க வேண்டும். இளஞ்சூட்டில் மூடினால் வியர்த்து நமத்துவிடும். இனிப்பையும் காரத்தையும் ஒரே டின்னில் போடக்கூடாது. வெளியூருக்கு அனுப்பும் பெட்டியில் கல்கல்லும் முந்திரிக்கொத்தும் கேக்கும் தாங்கும். அச்சு முறுக்கு நொறுங்கிப்போகும், அதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஈரம் படாமல் வைத்தால் கல்கல்லும் முறுக்கும் மூன்று நான்கு வாரம் இருக்கும், அதிரசமும் முந்திரிக்கொத்தும் பத்திலிருந்து பதினைந்து நாள். சாற்றில் ஊறிய பழக் கேக்கை ஐந்தாறு நாளுக்குள் தின்று முடித்துவிட வேண்டும், அதற்குமேல் வைப்பதானால் குளிர்பெட்டியில்தான்.